வெள்ளத்துக்கு முன்னால் ஒரு வக்கீல்

அடுக்குமாடி கட்டும் கம்பெனிகள் சி.எம்.டி.ஏ.வுக்கு வக்கீலோடு போவதை நான் குறை சொல்ல மாட்டேன். 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் சாமானியமாகப் புரிகிற சமாசாரம் இல்லை. விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுவது அதன் 32-ஆவது பிரிவில் நடக்கிறது. ஆட்சேபணை கேட்டுப் பேப்பரில் பொடி எழுத்தில் விளம்பரம் வரும். அந்தப் பக்கம் வக்கீல், பிளான் போடும் இன்ஜினீயர். இந்தப் பக்கம், முடிச்சூர்க்காரருக்கு யார்?

வேடிக்கை கேளுங்கள். 1987-ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவில், வெள்ளத்தில் அடிபட்டவருக்கு இலவச வக்கீல் தருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபின் கேட்கலாம். ஏரியோரத்து வயலை மனையாக்க மனு போடும்போது, நாளை வெள்ளம் வருமே என்று சொல்லி அதே வக்கீலைக் கேட்க முடியாது!

பிரான்சில் நகரத் திட்டத்தை மாற்றுமுன், நிர்வாக நீதிமன்றம் நியமிக்கும் 'கொமிஸேர் ஆங்கெத்தர்' என்பவர் நகர மன்றத்தில் உட்கார்ந்து ஜனங்கள் சொல்வதைக் கேட்டு அறிக்கை எழுதுகிறார். நமக்கு அவ்வளவு வேண்டாம். தாம்பரம் மாநகராட்சியில் ஒரு மேஜை போட்டு, சட்டப் பணிகள் வக்கீல் ஒருவரை உட்கார வையுங்கள். விளம்பரத்தைத் தெருமுனையிலும் ஒட்டுங்கள். செலவை, நிலமாற்றத்துக்கு வாங்கும் கட்டணத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்.