கை செய்ததைக் கணக்கேடு சொல்லட்டும்!

ஆயுத பூசை வந்துவிட்டால் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று! சக்கரத்தின் அடியிலே எலுமிச்சம் பழம்! பழம் நசுங்கிற்று, பகையும் நசுங்கிற்று என்ற நிம்மதியோடு புறப்படுகிறது மோட்டார்.

நாம் கேட்கிறோம்: பழத்தை நசுக்கிய அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய பிரேக்குக்கு ஆயில் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று? "போன வருஷம் மாத்தின மாதிரி நினைப்பு" என்கிறார் நம் தோழர். நினைப்பு! ஐந்து உயிர்களை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிக்கு நினைப்பா ஆதாரம்?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது பிரேக் சூடேறும், ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் விடும், மிதித்த பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது! ஆகவேதான் பல கம்பெனிகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அந்த 2 ஆண்டு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை எலுமிச்சம் பழம் சொல்லாது, ஏடுதான் சொல்லும்.

"கம்பெனிப் பட்டறையில் விட்டால்தான் சர்வீஸ், வெளியாள் தொட்டால் வாரண்டி போச்சு" என்று மிரட்டுகிறது ஒரு குரல். "கண்ணாடி அறைக்கும் குளிர்சாதனத்துக்கும் சேர்த்தல்லவா பில் போடுகிறான், என் கை போதும் எனக்கு" என்று சீறுகிறது இன்னொரு குரல். இரண்டிலும் உண்மை பாதி, வீறாப்பு பாதி.

உழைக்கும் கையை இழிவாகப் பேசுவோரை நாம் ஒருநாளும் ஒப்பமாட்டோம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிய கோவை ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றார்? புதுப்பேட்டையின் பட்டறைகளில் எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் இளைஞர்களின் விரல்களுக்கு எந்தப் பட்டம் ஈடு?

சட்டமும் அந்தக் கைக்கு இடம் தந்திருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின என்பது வேறு கதை.

ஆனால் தோழர்களே, உரிமை இருந்தால் போதுமா? அதை நிலைநாட்டச் சான்று வேண்டாமா? கம்பெனி தன் வேலை ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றிவைக்கிறது. நம் மெக்கானிக்கோ சிகரெட் பெட்டியின் முதுகில் கணக்கெழுதிக் கசக்கி எறிகிறார். நாளை எஞ்சின் பிடித்துக்கொண்டால், "நீ ஆயிலே மாற்றவில்லை" என்று எதிர்த்தரப்பு காகிதத்தை நீட்டும். நம் கையில் என்ன இருக்கும்? வாய்தான் இருக்கும்!

வண்டியை விற்கப் போனாலும் அதே கதை. ஒழுங்காகப் பார்த்த வண்டிக்கும் ஓட்டி உடைத்த வண்டிக்கும் வெளியிலே பெயிண்ட் ஒன்றுதான். ஏடு இல்லையேல் தரகன் சொன்னதே விலை. தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிய ஏடு இருந்தால், மீட்டரைத் திருப்பி ஏய்ப்பவனின் தந்திரமும் அங்கே பலிக்காது. கடன் வாங்கி மஞ்சள் பலகை வண்டி ஓட்டும் தோழனுக்கு அந்த வண்டிதான் நிலம், அதுதான் வீடு, அதுதான் மகளின் படிப்புச் செலவு. அதன் விலையை அடுத்தவன் வாய்க்கு விட்டுவிடலாமா?

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. நாற்பது பக்க நோட்டு ஒன்று; பில்களுக்கு ஓர் உறை. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, ஊற்றிய ஆயிலின் தரம், மாற்றிய பாகம், செய்தவர் பெயர், கொடுத்த தொகை. இவ்வளவுதான்! வீட்டிலே நீங்களே ஆயில் மாற்றினாலும், ஆயில் வாங்கிய பில், பில்டர் வாங்கிய பில் இரண்டையும் உறையில் போடுங்கள். மெக்கானிக்கிடம் கையெழுத்துக் கேளுங்கள். அது அவர்மீது ஐயமல்ல. அவர் தொழிலுக்குத் தரும் மரியாதை.

எதைத் தொடுவது, எதைத் தொடாமலிருப்பது என்ற தெளிவும் வேண்டும். டயர்க் காற்று, ஆயில் அளவு, கூலன்ட் மட்டம், பேட்டரி முனை, ஏர் பில்டர் — இவை நம் கைக்கு அடங்கியவை. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், மின்சார வண்டியின் ஆரஞ்சு நிறக் கம்பிகள் — இவை பயிற்சியும் கருவியும் கேட்பவை. அங்கே வீரம் காட்டுவது பகுத்தறிவாகாது. புது வண்டிக்குக் கம்பெனி தரும் இலவச சர்வீஸையும் விட்டுவிடாதீர்கள். ஆயிலுக்குக் காசு கேட்பான், கூலிக்குக் கேட்கமாட்டான்.

எழுத்து உனக்கு எதற்கு என்று நம் பாட்டனை விரட்டினார்கள். அவன் நிலத்தின் கணக்கை வேறொருவன் எழுதினான், அவன் கைநாட்டு வைத்தான், நிலம் போயிற்று. அந்தப் பாட்டனின் பேரன் கையிலே இன்று ஸ்பானரும் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. ஸ்பானரைத் துடைத்து வைத்ததும் பேனாவை எடுக்கட்டும். அடுத்த ஆயுத பூசை வரையில் காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே நோட்டு வாங்கட்டும். முதல் வரியில் இன்றைய கிலோமீட்டரை எழுதட்டும்!