சுவரில் ஒரு சிறு திரை

மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியற்காலைத் தப்பொலியே நாளைத் தொடக்கிவைத்தது. பிரட்டுக் களத்தில் போய் நின்றால், அன்று எந்த மலையில் கொழுந்து என்பதைக் கங்காணி சொல்லிவிடுவார். வீட்டில் எவருக்கு எப்பொழுது என்ன வேலை என்பதையோ தாயின் நினைவு ஒன்றே தாங்கி வந்தது. இன்று மகள் மாலை வகுப்புக்கு ஹட்டன் செல்கிறாள். தந்தை கொழும்பில் பணிபுரிகிறார். பாட்டியை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இத்தனையையும் ஒருத்தியே நினைவில் சுமப்பது முறையாகுமா?

இச்சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சுவரில் ஒரு சிறு திரை போதும். வீட்டில் பயனற்றுக் கிடக்கும் டெப்லட் இருந்தால் பணச் செலவும் அதிகமில்லை. குடும்பத்தார் அனைவரும் கூகுள் நாட்காட்டி ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டால், கொழும்பிலிருந்து தந்தை குறிப்பதும் இங்கே திரையில் தோன்றும். போயா விடுமுறைகளையும் அதில் சேர்க்கலாம். எச்.டி.எம்.ஐ. இணைப்புள்ள தொலைக்காட்சி இருப்பின், 2012இல் பிரித்தானியாவில் வெளிவந்த ராஸ்பெரி பை எனும் உள்ளங்கையளவுக் கணினியை அதனுடன் பொருத்தலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கல் தேயூ 2014இல் தொடங்கிய மேஜிக் மிரர் எனும் மென்பொருள் அதற்கென இலவசமாகவே கிடைக்கிறது. மாணவர்கள் தாமே முயன்று அமைக்கத்தக்க வேலை இது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் கூறுவோம். டெப்லட்டை இரவும் பகலும் மின்னேற்றியிலேயே விட்டுவைத்தால் மின்கலம் வீங்கக்கூடும். ராஸ்பெரி பை இயங்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்தால் அதன் நினைவட்டை பழுதாகலாம். ஆதலால் முறையாக நிறுத்திய பின்னரே இணைப்பைக் கழற்ற வேண்டும்.

அதே திரை பிள்ளைகளின் சித்திரங்களுக்கும் இடமளிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள மூடுபனியின் ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடித்துவிடும். எஞ்சியதை அடுப்புப் புகை கறுப்பாக்கும். லயக் காம்பராச் சுவரில் ஒட்டிய ஓவியம் ஒரு மழைக்காலம் தாண்டுவது அரிது. பகல் வெளிச்சத்தில் அதனைப் படம்பிடித்து வைத்தால், திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். தொலைவிலுள்ள தந்தையும் கண்டு மகிழ்வார். ஆயினும் மூலத்தை எறிந்துவிடலாகாது. ஈரம் படாத தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துக.

இறுதியாக ஒன்று. இத்தகைய அட்டவணைகளில் பிள்ளைகளின் பாடங்கள் இருக்கும். தந்தை வரும் நாளும் இருக்கும். பகல் முழுதும் கொழுந்து பறித்து, மாலையில் மீண்டும் அடுப்படியில் நிற்கும் அன்னைக்கு அதில் என்ன இருக்கிறது? இன்று தண்ணீர் எடுப்பது அண்ணன், சோறு ஆக்குவது தங்கை என்று எழுதுங்கள். அதற்குக் கீழே அம்மாவுக்கு அரைமணி ஓய்வு என்றும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லையேல், நாம் சுவரில் மாட்டியது மற்றுமொரு பிரட்டுக் களமே ஆகும்.