படிவத்தின் பாரம் யார் தலையில்?

முன்னர் ஒரு நிறுவனம் படிவமொன்றைத் தயாரிக்க வேண்டுமாயின் ஒருவர் அதனை எழுத வேண்டும், இன்னொருவர் தட்டச்சு செய்ய வேண்டும், பின்னர் ரோனியோ இயந்திரத்தில் பிரதி எடுக்க வேண்டும். தாளுக்கும் மைக்கும் செலவு இருந்தமையால் ஒரு கேள்வியைக் கூட்டுவதற்கு முன் இருமுறை யோசித்தார்கள். இன்று கூகுள் போர்ம்ஸ், மைக்ரோசொப்ட் போர்ம்ஸ், கோபோ டூல்பொக்ஸ் போன்ற மென்பொருட்களின் துணையுடன் எந்த உத்தியோகத்தரும் அரைமணி நேரத்தில் ஒரு படிவத்தை அமைத்து மாவட்டம் முழுவதற்கும் அனுப்பிவிடலாம். இது கேட்பவருக்குக் கிடைத்த வசதி. பதில் சொல்பவரின் பாரம் இதனால் குறைந்ததா என்பதே எமது கேள்வி.

இம்மென்பொருட்கள் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. 2008இல் அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓ.டி.கே. என்னும் மென்பொருள் முயற்சி ஆரம்பமானது. அதன் அடித்தளத்தில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பிரிவினர் கோபோவை வளர்த்தெடுத்தனர். இணையத் தொடர்பு இல்லாத கிராமத்திலும் கைத்தொலைபேசியில் விபரங்களைப் பதிந்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பும் வழி இவற்றில் உண்டு. ஒரே படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காட்ட முடியும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் பாடசாலை பற்றிய கேள்விகள் தாமாகவே விலகிவிடும். கள உத்தியோகத்தருக்கு இவை பெரும் உதவி.

ஆனால் பெரிய நிறுவனங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. அங்கே குடிநீருக்கு ஒரு பிரிவு, வாழ்வாதாரத்துக்கு ஒரு பிரிவு, சிறுவருக்கு ஒரு பிரிவு, மாதருக்கு ஒரு பிரிவு. ஒவ்வொன்றும் தனித்தனியே படிவம் அமைக்கிறது. குடும்பத் தலைவர் யார், அங்கத்தவர் எத்தனை பேர், அடையாள அட்டை இலக்கம் என்ன என்ற அதே கேள்விகள் அதே வாசலில் நான்கு தடவை கேட்கப்படுகின்றன. நாலாவது தடவையில் மக்கள் சலித்துப்போகிறார்கள். அல்லது எந்தப் பதிலுக்கு உதவி கிடைக்குமோ அந்தப் பதிலைச் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். இத்தகைய விபரங்களின் மீது திட்டம் தீட்டினால் அத்திட்டம் எப்படி நிற்கும்?

ஆகவே இம்மென்பொருட்கள் சில வழிகளில் திருந்த வேண்டும். நிறுவனங்களும் அவற்றோடு சேர்ந்து திருந்த வேண்டும்.

முதலாவது, பொதுவான கேள்விக் களஞ்சியம். ஒருமுறை எழுதிய கேள்வியைச் சேமித்துவைத்து மீண்டும் பயன்படுத்தும் வசதி கோபோவில் ஏற்கனவே உண்டு. பெரிய நிறுவனத்தில் அதுவே விதியாக வேண்டும். புதிதாக ஒருவர் கேள்வியொன்றை எழுதும்போது, "இது சென்ற ஆண்டு இன்ன பிரிவினால் இதே கிராமத்தில் கேட்கப்பட்டது" என்று மென்பொருள் எடுத்துச்சொல்ல வேண்டும். இடப்பெயர்களையும் தட்டச்சு செய்ய விடலாகாது. தருமபுரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் 'த'வுக்குரிய எழுத்திலும் இன்னொருவர் 'ட'வுக்குரிய எழுத்திலும் தொடங்கி எழுதினால், கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். இலங்கையில் 14,000க்கும் மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. மாவட்டத்தைத் தெரிந்தால் பிரதேச செயலகப் பிரிவுகளும், அதைத் தெரிந்தால் கிராம அலுவலர் பிரிவுகளும் பட்டியலாக வர வேண்டும்.

இரண்டாவது, படிவம் எமது மக்களுக்குப் பொருந்த வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்களை வைத்து, இரண்டையும் நிரப்பாமல் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் படிவத்தில் தகப்பன் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட தமிழர் எதை எழுதுவது? 2016 முதல் வழங்கப்படும் அடையாள அட்டை 12 இலக்கங்கள் கொண்டது. அதற்கு முந்தியது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. பன்னிரண்டை மாத்திரம் ஏற்கும் படிவம், பழைய அட்டை வைத்திருக்கும் முதியவரைப் புறந்தள்ளுகிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களை அப்படியே ஏற்றினால் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றித் தரும் வசதியும் வேண்டும்.

மூன்றாவது, உண்மையான பதிலுக்கு இடம் இருக்க வேண்டும். விவாகமானவர், விவாகமாகாதவர், விதவை என்று மூன்று தெரிவுகள். காணாமற்போன கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண் எதைத் தொடுவாள்? பதில் தராமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது என்கிறது மென்பொருள். தன் கணவன் இறந்துவிட்டான் என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கிறது ஒரு சிறிய கட்டம். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயுள்ளார் என்று சான்றிதழ் பெறும் வழியை 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் திறந்துவிட்டது. நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்ட நிலையை எமது படிவங்கள் ஏற்கத் தயங்குவது நியாயமா? "சொல்ல விரும்பவில்லை" என்ற தெரிவும், "வேறு" என்ற தெரிவும் இத்தகைய கேள்விகள் அனைத்திலும் தாமாகவே அமைய வேண்டும். ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குபவர் அதற்கான காரணத்தை எழுதிவைத்த பின்பே மென்பொருள் அதை அனுமதிக்க வேண்டும்.

நான்காவது, யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற வரையறை. அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியுள்ளன. பெண்களின் பிறந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தை மின்னஞ்சலில் பட்டியலாகச் சுற்றவிடுவது எத்தகைய செயல் என்பதைச் சிந்திக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விபரங்களைக் குறித்த நோக்கத்துக்காகவே திரட்ட வேண்டும் என்றும், தேவைக்கு மேலாக வைத்திருக்கலாகாது என்றும் கூறுகிறது. ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரும் ஒரு முடிவுத் திகதியும் இருத்தல் வேண்டும். அத்திகதி வந்ததும், வைத்திருப்பதா அழிப்பதா என்று மென்பொருள் கேட்க வேண்டும். பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனால் படிவம் அநாதையாகக் கிடக்கக் கூடாது.

இவ்வளவு கட்டுப்பாடுகள் இருந்தால் அவசர வேளையில் வேலை தாமதிக்கும் என்று சிலர் வாதிடுவர். வெள்ளம் வந்த அன்று மாலைக்குள் படிவம் தேவை என்பது உண்மைதான். அதற்காகவே களஞ்சியம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்கிறோம். சரிபார்த்த கேள்விகளும் இடப்பட்டியலும் கையில் இருந்தால் படிவம் ஒரு மணி நேரத்தில் அமையும். வெள்ளத்தின் நடுவில் புதிதாக எழுதப்படும் கேள்விகளே பின்னர் மாதக்கணக்கில் துப்புரவு செய்ய வேண்டிய குப்பையாகின்றன.

இறுதியாக ஒன்று. திரட்டிய விபரங்கள் தலைமை அலுவலகத்தில் வண்ண வரைபடங்களாகின்றன. சொன்ன கிராமத்துக்கு என்ன திரும்பி வருகிறது? ஒரு கிராமத்தின் முடிவுகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தரும் பொத்தான் ஒன்று ஒவ்வொரு படிவத்திலும் இருக்கட்டும். மாதர் சங்கக் கூட்டத்தில் அத்தாளை விரித்துவைத்தால், "எங்கள் ஊரில் கிணறு ஏழு என்று போட்டிருக்கிறீர்கள், இரண்டு இடிந்து கிடக்கின்றனவே" என்று யாராவது எழுந்து திருத்துவார்கள். எந்த மென்பொருளாலும் செய்ய முடியாத சரிபார்த்தல் அது. அடுத்த படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் முதலில் இத்தாளை அக்கிராமத்துக்குக் கொண்டுபோகட்டும்.