பேனல் மலிந்தது, பத்திரம் எங்கே?

கோலார் மாவட்டம் யளேசந்திரா கிராமத்தில் கர்நாடக மின் கழகத்தின் 3 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2009 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. 15 ஏக்கர் நிலத்தில் 225, 240 வாட் பேனல்கள் 13 ஆயிரத்துக்கும் மேல். செலவு ஏறத்தாழ 60 கோடி ரூபாய், அதாவது மெகாவாட்டுக்கு 20 கோடி. இன்று அதே நிலையத்தை மெகாவாட்டுக்கு நான்கைந்து கோடியில் கட்டி முடிக்கலாம். அன்று ஒரு பேனல் தந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் தரும் 550 வாட் பேனல் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது.

இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் தெரிந்தவைதான். பேனலின் மூலப்பொருளான பாலிசிலிக்கான் 2008இல் கிலோ 400 டாலரைத் தாண்டி விற்றது; பிறகு 10 டாலருக்கும் கீழே வந்தது. சிலிக்கான் தகடுகளை முன்பைவிட மெல்லியதாக அறுக்கிறார்கள். சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் திறன் உயர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் முக்கால் பங்குக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. அங்கே தேவைக்கு மிஞ்சி ஆலைகள் எழுந்ததில் விலை சரிந்தது.

அந்தச் சரிவு முழுவதும் நம் ஊர்க் கூரைக்கு வந்து சேரவில்லை. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதமும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்க வரி விதிக்கப்பட்டது. வீட்டுக் கூரைக்கு மத்திய அரசின் மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டுச் செல்லில் செய்த பேனலையே வாங்க வேண்டும். அது விலை கூடுதல். உள்நாட்டு ஆலைகள் வளர வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்ததும் நல்ல காரியமே. ஆனால் கோலார் தங்கவயலில் சூரிய மின்சாரத்தின் விலையை நிர்ணயிப்பது வரியைவிட வட்டிதான் என்பதை ஒரு சின்னக் கணக்கே காட்டிவிடும்.

கூரையில் ஒரு கிலோவாட் அமைக்க 60 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் கிடைக்கும். 25 ஆண்டில் 35 ஆயிரம் யூனிட். கையில் பணம் இருப்பவருக்கு யூனிட் 1 ரூபாய் 70 காசு. வங்கியில் 7 சதவீத வட்டிக்கு வாங்கி 25 ஆண்டில் சமமாக அடைப்பவருக்கு 3 ரூபாய் 70 காசு. மாதம் 2 வட்டிக்கு வெளியே வாங்குபவருக்குப் பத்து ரூபாய்க்கு மேல். பேனலும் வெயிலும் மூவருக்கும் ஒன்றே. ஆடிக் காற்றில் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் தூசி படிந்தால் கழுவித் துடைக்க வேண்டிய வேலையும் ஒன்றே.

குறைந்த வட்டியில் ஈடில்லாக் கடன் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் உண்டு. 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியமும் உண்டு. ஆனால் வீடு சொந்தமாக இருக்க வேண்டும். இங்கே தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். கால் நூற்றாண்டு ஆகியும் சாம்பியன் ரீப், மாரிகுப்பம், உரிகம் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளில் வாழும் பலர் கையில் ஹக்குப் பத்திரம் (வீட்டு உரிமைப் பத்திரம்) இல்லை. தாத்தா சுரங்கத்தில் இறங்கினார், அப்பா இறங்கினார், பேரன் விடியற்காலை ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போகிறான். வீடு இன்னும் கம்பெனி பேரில்தான். பத்திரம் இல்லாத வீட்டுக்கு மானியம் கிடையாது, மலிவான கடனும் கிடையாது. ஏழைக்கு எட்டாத விலை இங்கே, தாலுகா ஆபீஸ் கோப்பில் நிர்ணயமாகிறது.

மாநில அரசின் கிருக ஜோதித் திட்டத்தில் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம், பேனல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த இலவசத்துக்கான பணத்தை மாநில அரசு மின் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருக்கிறது. இருபது ஆண்டு கட்டினாலும் எந்தச் சொத்தும் மிஞ்சாது. அதில் ஒரு பகுதியைச் சூரிய மின் நிலையமாக முதலீடு செய்தால், இலவச மின்சாரம் கொடுக்கும் செலவே குறையும்.

அதற்கு நிலமும் இங்கேயே இருக்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பேரில் ஏறத்தாழ 12 ஆயிரம் ஏக்கர். மண் மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்க ஆயிரம் ஏக்கர் அளவுக்கு ஒதுக்கினாலும் மீதி நிறையவே உண்டு. யளேசந்திராவின் கணக்கில் மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் போதும்; 500 ஏக்கரில் 100 மெகாவாட். ஒரே நிலையத்தின் மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டர்களில் பங்கிட்டு வரவு வைக்கும் முறைக்கு டெல்லி 2019இலேயே விதி வகுத்துவிட்டது. அதே முறையில் லைன் வீட்டுக்காரர்களையும் பங்குதாரர் ஆக்கலாம். ஓட்டுக் கூரை பேனலைத் தாங்குமா என்ற கவலையும் இல்லை.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான். தங்கத்துக்காக அவ்வளவு தூரம் கம்பி இழுக்க அன்றைய மைசூர் அரசால் முடிந்தது. அந்தத் தங்கத்தைத் தோண்டியவர்களின் பேரன்மாருக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க இன்றைய இரண்டு அரசுகளாலும் முடியாது என்பதை ஏற்க முடியாது.

மத்திய சுரங்க அமைச்சகமும் கர்நாடக அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து லைன் வீடுகளுக்கு ஹக்குப் பத்திரம் வழங்கும் தேதியை அறிவிக்க வேண்டும். அதுவரை, குடியிருப்புச் சான்றும் மின் இணைப்பும் வைத்திருப்பவர்களுக்குச் சூர்ய கர் மானியத்தைத் திறந்துவிட வேண்டும். தங்கவயலின் எம்எல்ஏவும் கோலார் எம்பியும் இந்த இரண்டையும் அடுத்த கூட்டத்தொடரிலேயே அவையில் எழுப்ப வேண்டும்.