எய்தவன் இருக்க…

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் இல்லங்களில் பேச்சுவாக்கில் சொல்லுகிறோம். குற்றம் இழைத்தவனை விட்டுக் கருவியைப் பழிப்போரைக் கடிந்துரைக்கும் பழமொழி அது. அமெரிக்க நாட்டின் மேற்கு மலைக்காடுகளில் இப்பழமொழியை உவமையாக அன்றி, உள்ளது உள்ளபடியே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் எல்க் என்னும் பெரிய மானை வில்லேந்தி வேட்டையாடுகிறார்கள். அம்பு பட்ட மான் கைக்குக் கிடைக்காமற் போனால் காற்றைக் குறை சொல்லுகிறார்கள். அம்புமுனையைக் குறை சொல்லுகிறார்கள். மான் ஓரடி எடுத்து வைத்ததையும் குறை சொல்லுகிறார்கள். எய்தவனோ, மறுநாட் காலையில் அதே உரிமச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மானைத் தேடிப் புறப்படுகிறான்.

இது முறையன்று என்கிறோம். மானின் குருதி நிலத்தில் சிந்திய அக்கணமே அவனுடைய உரிமச் சீட்டு செலவாகிவிட்டது என்று கொள்ள வேண்டும். மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவ்வாண்டுக்கு அவன் வேட்டை முடிந்தது. இதைச் சட்டமாக்க வேண்டும். சட்டமாகும் வரை மானமுள்ள வேட்டைக்காரன் தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டும்.

வேட்டையே கூடாது என்று வாதிட நாம் முன்வரவில்லை. எல்க் மான் நம் மலைக்காடுகளின் கடமானையும் விஞ்சிய பருமன் உடையது. ஆண்மான் 300 கிலோவுக்கு மேல் நிறை நிற்கும். ஐரோப்பியர் குடியேறுமுன் அக்கண்டத்தில் ஒரு கோடி எல்க் மான்கள் இருந்தன என்றும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஒரு லட்சத்துக்கும் கீழே குறைந்தன என்றும் மதிப்பிடுகிறார்கள். சந்தைக்காகக் கொன்று குவித்தவர்களும், மேய்ச்சல் நிலத்தை வளைத்தவர்களும் செய்த அழிவு அது. இன்று அவை ஏறத்தாழப் பத்து லட்சமாகப் பெருகியுள்ளன. இம்மீட்சியில் வேட்டைக்காரர்களின் பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1937 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரித் தொகையைக் காட்டுயிர்ப் பேணலுக்கு ஒதுக்கியது. 1972 இல் வில்லும் அம்பும் அவ்வரிக்குள் வந்தன. இந்நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், மானைக் காக்கப் பணம் கொடுத்தேன் என்பது, காயப்பட்ட மானைக் காட்டில் விட்டுவர உரிமை தந்துவிடுமா?

துப்பாக்கிக் குண்டு தசையைச் சிதைத்து அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பின் வழி வேறு. கூரிய அலகு உள்ளே சென்று குருதி நாளங்களை அறுக்கிறது. குருதி வடிந்தே விலங்கு மடிகிறது. இரண்டு நுரையீரல்களும் துளைபட்டால் எல்க் மான் பெரும்பாலும் ஓரிரு நூறு கஜத்துக்குள் வீழ்ந்துவிடும். அதிலிருந்து ஒரு சாண் பின்னே தவறினால் கல்லீரல். இன்னும் சற்றுப் பின்னே போனால் இரைப்பை. இரைப்பையில் அம்பு தைத்த மான் பல மணி நேரம் உயிரோடு துன்புறும். விரைந்த சாவுக்கும் நீண்ட வதைக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவே.

ஆகவேதான் வில்வேட்டையின் முதற்பாடம் நெருங்குதல் என்று முன்னோர் வைத்தனர். 1911 இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு அருகே, யாஹி என்னும் பழங்குடியின் கடைசி மனிதர் தனித்து வெளிப்பட்டார். இஷி என்று அவரை அழைத்தார்கள். பல்கலைக்கழக மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடம் வில்வித்தை கற்றார். 1916 இல் இஷி மறைந்தார். 1923 இல் போப் வில்வேட்டையைப் பற்றி நூல் எழுதினார். இன்றைய அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் தம் மரபின் வேர் அங்கே என்று பெருமையோடு சொல்லுகிறார்கள். அந்த வேரின் சாரம் காற்றை எதிர்முகமாக வைத்து, அரவமின்றி ஊர்ந்து, பிழைக்க முடியாத நெருக்கத்துக்குச் செல்லும் பொறுமையல்லவா?

அப்பொறுமையை இயந்திரம் தின்றுவிட்டது. 1969 இல் ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் கப்பிகள் பூட்டிய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். முழுக்க இழுத்த நிலையில் கைக்கு வரும் சுமையை அவ்வில் பெரிதும் குறைத்துவிடுகிறது. தொலைவளக்கும் கருவியும், குறி பார்க்கும் ஊசிகளும் அதனோடு சேர்ந்தன. பயிற்சித் திடலில் எண்பது கஜத்தில் அட்டைக் குறியைத் துளைக்கும் இளைஞன், காட்டிலும் அத்தொலைவில் எய்யலாம் என்று எண்ணுகிறான்.

அட்டை நடப்பதில்லை என்பதை அவன் மறந்துவிடுகிறான். ஒரு கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 280 அடி விரையும் அம்பு, அறுபது கஜத்தைக் கடக்க முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் எடுக்கும். நாணின் ஓசையோ அதே தொலைவை நொடியில் ஆறில் ஒரு பங்கில் கடந்துவிடும். ஓசை கேட்ட பின்பு மானுக்கு ஏறத்தாழ அரை நொடி மிஞ்சுகிறது. ஓரடி எடுத்து வைக்க அது போதும். நுரையீரலைக் குறித்த அம்பு இரைப்பையில் இறங்கவும் அந்த ஓரடி போதும். இதில் மானின் குற்றம் யாது?

எய்த பிறகு தொடங்குவதுதான் வேட்டையின் கடினமான பாதி. தேர்ந்தவர்கள் எய்ததும் ஓடமாட்டார்கள். மான் நின்ற இடத்தையும் மறைந்த இடத்தையும் மனத்தில் பதிப்பார்கள். அம்பைத் தேடி எடுத்து மோந்து பார்ப்பார்கள். நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரலைச் சொல்லும். கருஞ்சிவப்பு கல்லீரலைச் சொல்லும். பசுமை கலந்த சாறும் நாற்றமும் இரைப்பையைச் சொல்லும். முதலாவதற்கு அரைமணி நேரம், இரண்டாவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம், மூன்றாவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்லுவார்கள். துரத்தாவிட்டால் காயப்பட்ட மான் அருகிலேயே படுத்துவிடும். துரத்தினால் மலை தாண்டிப் போய்விடும். கடைசியாகக் கண்ட குருதித் துளியில் அடையாளம் கட்டி, புல்லின் மடிப்பையும் இலையின் அடிப்புறத்தையும் பார்த்து, முழந்தாளிட்டு நகர்வார்கள். குருதி அற்றுப்போனால் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடுவார்கள். இதற்கிடையே செப்டம்பர் வெயிலில் இறைச்சி கெடும். தடித்த தோலுக்குள் வெப்பம் அடங்காது. கரடியும் ஓநாயும் முந்திக்கொள்ளும். தடம் தனியார் வேலிக்குள் நுழைந்தால் உடையவரிடம் அனுமதி கேட்க வேண்டும். இத்தனையும் செய்பவனை நாம் மதிக்கிறோம். அவன் விட்ட அம்புக்கு அவன் கடன் செலுத்துகிறான்.

எத்தனை பேர் அக்கடனை முழுதும் செலுத்த முடிகிறது? மேரிலாந்து மாநிலத்தின் கடற்படைத் தளம் ஒன்றில், 1989 முதல் 2006 வரை வில்லால் தாக்கப்பட்ட வெள்ளைவால் மான்களைக் கணக்கெடுத்தார்கள். தேர்வு வைத்துத் தகுதி பார்த்து அனுமதிக்கப்பட்ட வேட்டைக்காரர்கள், இக்காலத்து வில்கள். எனினும் நூற்றுக்குப் பதினெட்டு மான்கள் கிடைக்கவில்லை. அதனினும் பன்மடங்கு பெரிய எல்க் மானை, செங்குத்தான மலைச்சரிவில் தொடர்வோர் தமக்கு அந்த விழுக்காடு பொருந்தாது என்று எவ்வாறு துணிந்து சொல்லுவார்கள்?

சட்டம் இதைக் காணவில்லையா? கருவியை நுணுகிக் காண்கிறது. கொலராடோ மாநிலத்தில் வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையலாகாது. அம்புமுனையின் அகலம் ஓரங்குலத்தில் எட்டில் ஏழு பங்குக்குக் குறையலாகாது. காயப்பட்ட விலங்கைத் தொடர நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்றும் அங்கே விதி உண்டு. நியாயமான முயற்சி எது? ஒரு மணி நேரமா, ஒரு பகலா? அளப்பவன் யார்? எய்தவனேதான். உரிமச் சீட்டை மானின் உடலோடு இணைக்க வேண்டும். உடல் இல்லையேல் சீட்டு செலவாவதில்லை. இரண்டு மான்களைக் கொன்றவன் கணக்கில் ஒன்றையே கொன்றவன் ஆகிறான். அம்புமுனையை அங்குலத்தின் எட்டிலொரு பங்கு வரை அளந்த சட்டம், எய்தவனை அளக்காமல் விட்டது.

வேறு வழி இல்லாமலில்லை. அலாஸ்காவின் சில பகுதிகளில் கரடியைக் காயப்படுத்தினாலே அது வேட்டைக்காரனின் பங்கில் கழிந்துவிடும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி வேட்டை நிலங்களில், குருதி கண்டால் முழுக்கட்டணமும் செலுத்தியாக வேண்டும் என்பது வழக்கம். அங்கே ஆகக்கூடியது எல்க் மானுக்கு ஏன் ஆகாது?

தனித்த காட்டில் இதை யார் கண்காணிப்பது என்று கேட்பார்கள். வேட்டை விதிகளுள் பலவும் தனித்திருப்பவனின் நேர்மையை நம்பித்தானே நிற்கின்றன? சில மான்கள் காயம் ஆறிப் பிழைக்கின்றனவே என்பார்கள். பிழைக்கலாம். பிழைத்ததா, புதரில் கிடந்து அழிந்ததா என்று அறியாதவன், தனக்கு வசதியானதை நம்பிக்கொண்டு அடுத்த அம்பைத் தொடுக்கலாமா? துப்பாக்கியும் காயப்படுத்துகிறதே என்பார்கள். அவர்களுக்கும் இவ்விதியே ஆகுக என்போம்.

இங்கே நம் வாசகர்க்குப் பழக்கமான ஒன்றை நினைவூட்டுவது பொருந்தும். அம்பு பட்டு மறைந்த வேட்டைப் பிராணியைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தெளிவான வரம்பு கட்டினார்கள். மறுநாள் கண்டெடுத்தாலும் தன் அம்பின் காயமன்றி வேறொன்றும் இல்லையெனில் உண்ணலாம். நீரில் மூழ்கிக் கிடந்தால் உண்ணலாகாது, கொன்றது அம்பா நீரா என்பது தெரியாதாகையால். ஹனஃபி சட்ட நூல்கள் இன்னொரு நிபந்தனையையும் சேர்க்கின்றன: எய்தவன் தேடுதலைக் கைவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஷாஃபிஈ நூல்களில் இதனினும் இறுக்கமான தீர்ப்பு உண்டு. உயிருள்ளதைக் குறிப்பலகையாக்கி எய்து பழகுவதை அண்ணலார் கண்டித்ததும் நாம் அறிந்ததே. ஐயம் எழுந்தால் அதன் பலனை எய்தவனுக்கு வழங்காத நெறி இது. பிஸ்மில்லாஹ் சொல்லி விட்ட அம்பு எங்கே தைத்தது என்பதற்கும் சொன்னவனே விடை கூற வேண்டும்.

நம் குடும்பங்களிலிருந்து அந்நாட்டில் குடியேறியவர்களுள் வில்லெடுப்போர் எவரேனும் இருப்பின், அவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். நெருங்க முடியாதபோது வில்லைத் தாழ்த்துங்கள். எய்துவிட்டால் கடைசித் துளி வரை தேடுங்கள். தேடியும் கிடைக்கவில்லையா? சட்டம் கேட்காவிட்டாலும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீடு திரும்புங்கள். மலையில் எவரும் கண்டிருக்கமாட்டார்கள். கண்டவன் ஒருவன் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும்.