நீர் எங்கே போகிறது?

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எஞ்சினின் மூடியை உயர்த்துவர். றேடியேற்றரின் உள்ளே எட்டிப் பார்ப்பர். நீர் சிறிது குறைந்திருக்கக் கண்டு ஒரு போத்தல் நீரை ஊற்றிவிட்டுப் புறப்படுவர். மறுநாளும் அதுவே. இதனைப் பராமரிப்பு என்று கருதுவோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. குறைந்த நீர் எங்கே போயிற்று என்று கேளாமல் நிரப்புவது, குருதி ஒழுகும் புண்ணைப் பாராமல் நோயாளிக்குப் பால் பருக்குவதை ஒக்கும்.

எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. தோற்றத்தில் அது சீமான் வீட்டுப் பிள்ளை. எஞ்சினோ நமக்கு அந்நியமானதன்று. நம்மூர் வீதிகளில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் வண்டிகளின் எஞ்சினுக்கு அது உடன்பிறப்பு; 1798 கன சென்ரிமீற்றராகப் பருத்த தம்பி என்று சொல்லலாம். வார்ப்பிரும்பாலான எளிய யந்திரம். நன்கு பேணினால் நெடுநாள் உழைக்கும்.

ஆயினும் இந்த வண்டிக்கு ஒரு விநோதமான தீவினை நேர்ந்துள்ளது. அதன் உதிரிப்பாகங்கள் அனைத்தும் எளிதிற் கிடைக்கின்றன! 1988 ஆம் ஆண்டிலிருந்து உடற்கூடு முழுவதையுமே புதிதாகச் செய்து விற்கலாயினர். பொருள் கைக்கெட்டும்போது காரணத்தை ஆராய்வார் யார்? நீர் குறைகிறதா, பம்பை மாற்று; இன்னும் குறைகிறதா, றேடியேற்றரை மாற்று; அதன்பின்னும் குறைந்தால் எஞ்சின் தலையைக் கழற்று. இது வைத்தியமன்று, குருட்டடி.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். இதே இன எஞ்சின்கள் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. வாங்கி மாற்றப் பாகம் இல்லாமையால், கழற்றுமுன் காரணத்தை அறிந்தே தீரவேண்டிய நிலை நம் மெக்கானிக்மாருக்கு இருந்தது. பரியாரியார் நாடி பிடிப்பது போல அவர்கள் வண்டியைத் தொட்டும் முகர்ந்தும் கேட்டும் நோய் அறிந்தார்கள். பஞ்சம் கற்பித்த அந்த அறிவைச் செழிப்பு அழித்துவிடலாகாது என்பதே என் கவலை.

கொழும்பில் என் நண்பர் ஒருவரிடம் தொடக்க காலத்து எம்.ஜி.பி. ஒன்று உண்டு. நாள்தோறும் ஒரு தேநீர்க் கோப்பையளவு நீர் குறைந்தது. ஒரு கராஜில் தலையைக் கழற்றி, காஸ்கற்றை மாற்றி, பம்பையும் மாற்றிப் பெருந்தொகை வாங்கினர். குறைவு நிற்கவில்லை. பின்னர் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். வண்டியைத் தொடவேயில்லை. “ஐயா, கழுத்துவரை நிரப்பாதேயுங்கோ. ஓரங்குலம் குறைய விட்டு ஒரு கிழமை பாருங்கோ” என்றார். அவ்வளவுதான்; நீர் அந்த மட்டத்திலேயே நின்றது!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. தொடக்க காலத்து எம்.ஜி.பி.யில் விரிவுத் தொட்டி கிடையாது. அதனுள் ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் நீர் நிற்கும். வெப்பமேறும்போது அது நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் விரியும். விரிந்த நீருக்கு இடமில்லையெனில், மூடியின் வில்லைத் தள்ளிக்கொண்டு சிறு குழாய் வழியே தரையில் வடியும். ஆறும்போது மூடியின் மற்றொரு வால்வு காற்றை உள்ளே இழுக்கும். காலையில் பார்ப்பவருக்கு நீர் குறைந்ததாகத் தோன்றும், மீண்டும் நிரப்புவார், வண்டி மீண்டும் துப்பும்.

மூடியையும் சிறிதென்று எண்ணற்க. சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 115 பாகை செல்சியசுக்கு உயர்த்துகிறது. அதன் வில் தளர்ந்தால், குற்றமேதுமில்லாத எஞ்சினும் நீரைக் கொதித்துக் கக்கும். எஞ்சின் சூடாயிருக்கும்போது அந்த மூடியில் ஒருவரும் கை வைத்தலாகாது.

உண்மையான ஒழுக்கைத் தேடுவோர் குளிர்ந்த எஞ்சினில், விடியற்காலையில் தேடுதல் வேண்டும். சூட்டில் ஒழுகியது காய்ந்து மறையும். ஆனால் தடத்தை விட்டுச் செல்லும். றப்பர்க் குழாய்களின் நுனிகளிலும், பம்பின் அச்சுக்குக் கீழுள்ள சிறு துவாரத்திலும், எஞ்சின் தலையிற் பொருத்திய ஹீற்றர் வால்விலும் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு உண்டா என்று பார்க்க. அந்த வால்வு இவ்வண்டியின் பழைய சத்துரு. கால்வைக்கும் இடத்து விரிப்பு ஈரமாகி இனிப்பு மணம் வீசினால் குற்றம் ஹீற்றரினுள் இருக்கிறது. இவற்றிலும் அகப்படாவிடின், கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட கருவியை றேடியேற்றரின் வாயிற் பொருத்தி, மூடிக்குரிய அழுத்தத்தை ஏற்றிவிட்டுக் காத்திருக்கலாம். முள் இறங்கினால் ஒழுக்கு உண்டு.

இத்தனையும் பார்த்த பின்னரே தலைக் காஸ்கற்றைச் சந்தேகிக்க வேண்டும். சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்ணீராவி ஓயாதிருத்தல், ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவியதுபோற் சுத்தமாயிருத்தல், றேடியேற்றர் வாயில் இடைவிடாது குமிழி எழுதல் ஆகியவை அதன் குறிகள். எண்ணெய் மூடியிற் பால்போன்ற படிவைக் கண்டதும் பலர் அலறுகின்றனர். குறுந்தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது உண்டாகும்; அதை மட்டும் சாட்சியாகக் கொள்ளலாகாது. எரிவாயுவைக் கண்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் ஒன்றுண்டு. தலையைக் கழற்றும் கூலியோடு ஒப்பிட அதன் விலை மிகச் சிறிது.

ஒழுக்கை அடைக்கும் பொடியை ஊற்றுவோரைப் பற்றி என்ன சொல்ல? அப்பொடிக்கு ஓட்டைக்கும் நல்ல துவாரத்துக்கும் வேற்றுமை தெரியாது.

நம் நாட்டில் மற்றொரு பேதைமையும் உண்டு. உறைதடுப்புத் திரவம் பனிபெய்யும் தேசத்தாருக்கே உரியது, நமக்கு வெறும் தண்ணீர் போதும் என்பர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை நெடுநாள் கொதிக்கவைத்த கேத்தலின் உட்புறத்தை இவர்கள் பார்த்ததில்லைப் போலும். சுண்ணக்கல்லில் ஊறிய அந்நீர் கேத்தலிற் படிவிப்பதையே றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிவிக்கும். அன்றியும், வார்ப்பிரும்பும் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் ஒரே நீரில் நிற்பின் ஒன்றையொன்று அரிக்கும். அவ்வரிப்பைத் தடுக்கும் மருந்து அந்தத் திரவத்திலேதான் கலந்திருக்கிறது. அதுவும் காலத்தால் வலுவிழக்கும். பழைய பச்சை வகையை ஈராண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று. காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்றுக. நிறத்தை நம்பி இருவேறு வகைகளைக் கலத்தல் ஆகாது. நிறம் உற்பத்தியாளரின் விருப்பமேயன்றி இலக்கணமன்று.

வடித்தெடுத்த பழைய திரவத்தை முற்றத்தில் விடற்க. எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. நாயும் பூனையும் நக்கும். மூடியுள்ள கலனில் அடைத்து, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, பின்னர் கராஜில் ஒப்படையுங்கள்.