நூல் பிசகாத கை, பாதை இல்லாத தொழில்

தமிழ்நாட்டில் தச்சு வேலை என்ற ஒரே பெயருக்குள் இன்று நான்கைந்து தொழில்கள் இருக்கின்றன. வீடு கட்டும் இடத்தில் நிலை, கதவு, ஜன்னல் செய்பவர் ஒருவர். பட்டறையில் கட்டிலும் மேசையும் செய்பவர் இன்னொருவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் அலமாரி பொருத்தும் இன்டீரியர் வேலைக்காரர் மூன்றாமவர். கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் சென்ட்ரிங் வேலை தனியாகப் பிரிந்து வெகுகாலமாகிறது. புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச்சிற்ப வேலை வேறோர் உலகம். வேலைக்கு வரும் இளைஞர் எந்தப் பிரிவில் நுழைகிறாரோ, அதைப் பொறுத்தே பின்னாளில் அவருடைய வருமானம் அமைகிறது. நுழைகிற நேரத்தில் இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. இத்தொழிலின் பெருங்குறை இதுதான். வேலைக்குப் பஞ்சமில்லை, வழிகாட்டலுக்குத்தான் பஞ்சம்.

முன்பு அந்த வழி குடும்பத்துக்குள் இருந்தது. ஆசாரி வீட்டுப் பையன் முதலில் உளி தீட்டினான், பிறகு இழைப்புளி தள்ளினான், ஆணியில்லாமல் இரண்டு மரங்களைப் பூட்டும் மூட்டுக்குக் கை வர ஆண்டுகள் பிடித்தன. தேக்கு, வேங்கை, பூவரசு, வேம்பு ஆகியவற்றின் ரேகை ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் தெரிந்துகொண்டான். அவர்களுடைய நுண்ணளவு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், அதாவது ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். முக்கால் அங்குலப் பலகை அவர்கள் பேச்சில் ஆறு நூல் பலகை. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் இந்தக் கணக்கில் செய்யப்பட்டவை.

அந்தக் கல்வி ஆழமானது, ஆனால் சாதிக்குள் அடைபட்டது. வெளியில் இருந்தவர் உள்ளே வர முடியவில்லை; உள்ளே பிறந்தவருக்கு வெளியே போகும் வாய்ப்பு குறைவு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டதும், மறு ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டதும் இந்த அடைப்பின் மீதான கோபத்தால்தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், குடும்பத்திடமிருந்து கைத்தொழில் கல்வியை விடுவித்த சமூகம், அதே ஆழத்தில் அதைப் பொதுவெளியில் கற்றுத்தரும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலைப் பிரிவு இருக்கிறது; 8ஆம் வகுப்பு தேறியவர் சேரலாம்; காலம் ஓராண்டு. ஜெர்மனியில் இதே தொழிலுக்குப் பட்டறையும் பள்ளியுமாக 3 ஆண்டுப் பயிற்சி, முடிவில் தேர்வு; அதற்கு மேல் மாஸ்டர் பட்டம் வரை படிகள் உண்டு. ஓராண்டில் கருவிகள் பழகும், மரம் பழகாது.

எனவே, பெரும்பாலானோர் இன்றும் மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தே கற்கின்றனர். வேலை கிடைப்பதும் அப்படியே. மர அறுவை மில், பிளைவுட் கடை, ஹார்ட்வேர் கடை, வீடு கட்டும் பொறியாளர் ஆகிய நான்கு இடங்களில் ஒருவருடைய பெயர் அடிபட்டால் வேலை தேடி வரும். கடைக்காரர் ஆளைக் கைகாட்டுவார். ஆள் சரக்கை அந்தக் கடையில் எடுக்கச் சொல்வார். பிளைவுட், பசை நிறுவனங்கள் தச்சர்களுக்குப் புள்ளிகளும் பரிசுகளும் தருவது இதனால்தான். இந்தக் கமிஷன் தச்சருக்கு ஒரு வருமானம். ஆனால், எந்தப் பலகை நல்லது என்று அவர் சொல்வதை வீட்டுக்காரர் சந்தேகத்தோடு கேட்கவும் இதுவே காரணமாகிறது. நேர்மையாகச் சொல்லும் தச்சர்களுக்கும் சேர்த்து விழும் சந்தேகம் அது. கூலியை முறையாக நிர்ணயித்து, கமிஷனை நம்பாமல் நடக்கும் தச்சர்களே நீண்டகாலத்தில் வாடிக்கையாளர்களைத் தக்கவைக்கிறார்கள்.

கூலியில் மூன்று படிகள் உண்டு: நாள் சம்பளம், சதுர அடிக் கூலி, சரக்கோடு சேர்த்த காண்ட்ராக்ட். முதல் படியிலிருந்து மூன்றாவதற்கு ஏறுவதே இத்தொழிலில் வளர்ச்சி என்பதன் பொருள். கைத்திறன் மிக்க பலர் அந்த ஏற்றத்தில் சறுக்குவது உளியால் அல்ல, கணக்கால். 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்ட துணி அலமாரியை எடுத்துக்கொள்ளலாம். முகப்பு அளவு 42 சதுர அடி. வீட்டுக்காரரிடம் பேசுவது இந்த 42ஐ வைத்துத்தான். உள்ளே போவதோ வேறு. பக்கப் பலகை இரண்டுக்கு 28, மேலும் கீழும் 24, நடுத் தடுப்பு 14, மூன்றடித் தட்டுகள் ஐந்துக்கு 30, கதவுகளுக்கு 42. மொத்தம் 138 சதுர அடி. பின்பக்க மெல்லிய பலகை இதில் சேராது. 8க்கு 4 பிளைவுட் ஒன்று 32 சதுர அடி என்பதால் ஐந்து ஷீட் வேண்டும். வெட்டும் வரிசையை முன்கூட்டியே தாளில் போடாதவருக்கு ஆறாவது ஷீட்டும் தேவைப்படும். அந்த ஒரு ஷீட்டில் அவருடைய பல நாள் உழைப்பின் லாபம் போய்விடும். எஸ்டிமேட் போடுவதும் வரைபடம் படிப்பதும் இழைப்பு வேலைக்குச் சமமாகக் கற்றுத்தரப்பட வேண்டியவை.

பொருளும் மாறிவிட்டது. ஜன்னல் யுபிவிசிக்கும் கதவு தொழிற்சாலைக்கும் போயின. சமையலறை அலமாரியை பேனல் சா வெட்டுகிறது, இயந்திரம் ஓரம் ஒட்டுகிறது, தளத்தில் பொருத்துவது மட்டுமே மிஞ்சுகிறது. அங்கே அளவு மில்லிமீட்டரில். நூல் கணக்கு பேசுபவர் அந்த வரைபடத்தின் முன் திகைத்து நிற்கிறார். தூத்துக்குடியில் 1,100 ஏக்கருக்கு மேல் அமையும் சர்வதேச அறைகலன் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய ஆலைகளில் இயந்திர இயக்குநர், தர ஆய்வாளர், பொருத்துநர், மேற்பார்வையாளர் வேலைகள் உருவாகும். மரத்தின் குணம் தெரிந்தவர் இயந்திரமும் கற்றால் அந்த வேலைகளுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. நகரங்களின் இன்டீரியர் தளங்களில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத் தச்சர்கள் இடம்பிடித்ததைக் குறைந்த கூலி என்று மட்டும் விளக்கிவிட முடியாது. குழுவாக வந்து, தளத்திலேயே தங்கி, சொன்ன தேதியில் முடித்துக் கொடுக்கும் ஒழுங்கும் அதற்குக் காரணம்.

கைவினைஞர்களுக்கென்றே வந்த இரு அரசுத் திட்டங்களுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கானது. பயிற்சி, கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் இரு தவணைகளாக 3 லட்சம் வரை கடன். 18 வயது நிரம்பியவர் சேரலாம், ஆனால் குடும்பத் தொழில் என்பது அதன் அடிப்படை. குலத்தொழிலை இது நிலைநிறுத்தும் என்று கூறித் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. இதற்குக் குறைந்தபட்ச வயது 35. பள்ளிப் பிள்ளைகளைத் தொழிலுக்குள் தள்ளக் கூடாது என்ற எண்ணம் சரி. ஆனால், மேஸ்திரியிடம் வேலை கற்று, 24 வயதில் சொந்தமாக ஒரு டேபிள் சா வாங்க நினைக்கும், ஆசாரி குடும்பத்தில் பிறக்காத இளைஞர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். குலத்தொழில் தளையை உடைத்து உள்ளே வந்தவர் அவர்தான். அவருக்கான வாசலை மாநில அரசு திறக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போக நினைப்பவர் வேலையின் பெயரைக் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் ஷட்டரிங் கார்பென்டர் என்று கேட்டால் அது நம் ஊர் சென்ட்ரிங் வேலை. மரச்சாமான் செய்பவர் அதற்குப் போய் ஏமாறக் கூடாது. 10ஆம் வகுப்பு தேறாதவருக்கு, அந்நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளில் வேலைக்குச் செல்லக் குடியேற்ற அனுமதி தேவை. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. முகவருக்கு மாற்றாகத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் 1978 முதல் இயங்குகிறது.

உடலும் இத்தொழிலின் முதல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995இல் சேர்த்தது. எம்டிஎஃப் பலகைப் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில் இருக்கிறது. மூடிய அறையில் முகக்கவசமின்றி நாள் முழுதும் வெட்டுவது தளங்களில் வழக்கமாகிவிட்டது. வட்ட ரம்பத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்து விரல் இழந்தவர்களும் உண்டு. கட்டட வேலை செய்யும் தச்சர், 18 முதல் 60 வயதுக்குள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, காலாவதியாகாமல் புதுப்பித்து வந்தால், விபத்து உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் 60 வயதில் ஓய்வூதியமும் கிடைக்கும். கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் வசூலித்துத் திரட்டும் நிதியிலிருந்து வாரியம் இவற்றை வழங்குகிறது.